விக்டரி முனைத் தாள்: மாசிக்காய் மையில் ஒரு நகல்

பிரிட்டிஷ் கடற்படையின் எரெபஸ், டெரர் என்னும் இரண்டு கப்பல்கள், வட அமெரிக்காவுக்கு வடக்கே அட்லாண்டிக்கிலிருந்து பசிபிக்குக்குச் செல்லும் வடமேற்குக் கடல்வழியைத் தேடி 1845 மே 19 அன்று தேம்ஸ் ஆற்றங்கரையிலுள்ள கிரீன்ஹைத்திலிருந்து புறப்பட்டன. தலைவர் சர் ஜான் ஃபிராங்க்ளின். டெரர் கப்பலின் தலைவர் பிரான்சிஸ் குரோஸியர். எரெபஸில் ஃபிராங்க்ளினுக்கு அடுத்த நிலையில் இருந்தவர் ஜேம்ஸ் ஃபிட்ஸ்ஜேம்ஸ். கிரீன்லாந்துக்கு அப்பால் சென்றவர்களில் ஒருவர்கூட ஊர் திரும்பவில்லை. அவர்களுக்கு என்ன நேர்ந்தது என்பதைத் தேதியோடும் கையொப்பத்தோடும் சொல்லும் கடற்படை ஆவணம் ஒன்றே ஒன்றுதான் கிடைத்திருக்கிறது. 1859 மே மாதத்தில், கனடாவின் வட துருவப் பகுதியிலுள்ள கிங் வில்லியம் தீவின் வடமேற்குக் கரையில், ஒரு கற்குவியலில் இருந்து லெப்டினன்ட் வில்லியம் ஹாப்சன் அதைக் கண்டெடுத்தார். ஃபிராங்க்ளினின் மனைவி ஜேன் பணம் திரட்டி அனுப்பிய ஃபாக்ஸ் என்னும் கப்பலில், மெக்ளின்டாக்கின் தலைமையில் சென்றவர் அவர். விக்டரி முனைக் குறிப்பு என்று இன்று அழைக்கப்படும் அந்த ஒற்றைத் தாள் லண்டன் கிரீனிச்சில் உள்ள தேசியக் கடல்சார் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. அதை அக்கால முறைப்படி செய்த மையால், அக்காலத் தாளுக்கு நெருக்கமான ஒரு தாளில், அதே ஒழுங்கில் என் கையால் எழுதிப் பார்த்த அனுபவத்தை இங்கே பதிவு செய்கிறேன்.

ஏன் எழுதிப் பார்க்க வேண்டும் என்று கேட்பவர்களுக்கு என் விடை எளியது. இந்தக் குறிப்பை நம்மில் பெரும்பாலோர் அச்சில் படிக்கிறோம். அச்சில் அது நேராக, பத்தி பிரித்து, மேலிருந்து கீழாக ஓடும் ஓர் அறிக்கை. அசலிலோ அது முதலில் ஓர் அச்சிட்ட படிவம். அதன் காலியிடங்களில் 1847-இல் நிரப்பிய சில வரிகள். பதினோரு மாதம் கழித்து, எழுத இடமில்லாமல் தாளைத் திருப்பித் திருப்பி விளிம்பைச் சுற்றி எழுதிய பிற்சேர்க்கை. இந்த மூன்றும் எப்படி ஒன்றன்மேல் ஒன்று ஏறியிருக்கின்றன என்பது படத்தைப் பார்க்கும்போது கண்ணுக்குத் தெரிகிறது. ஆனால் அதன் பொருள் எனக்குக் கை வைத்த பிறகே பிடிபட்டது.

வேலையைத் தொடங்குமுன் இந்தத் தாளுக்கு முந்தைய கடிதங்களைச் சொல்லிவிட வேண்டும். 1845 ஜூலையில் கப்பல்கள் கிரீன்லாந்தின் மேற்குக் கரையில், டிஸ்கோ விரிகுடாவிலுள்ள வேல்ஃபிஷ் தீவுகளில் நின்றன. கூடவே வந்திருந்த பரேட்டோ ஜூனியர் என்னும் சரக்குக் கப்பலிலிருந்து உணவும் நிலக்கரியும் மாற்றிக்கொண்ட பின், அந்தக் கப்பலிலேயே கடைசித் தபால் ஊருக்குப் போனது. ஃபிட்ஸ்ஜேம்ஸ் தம் வளர்ப்புச் சகோதரர் வில்லியம் கோனிங்ஹாமின் மனைவிக்கு நாட்குறிப்பு போல நீண்ட மடல் எழுதி, உடன் பயணித்த அதிகாரிகளை ஒவ்வொருவராக வேடிக்கையாக வர்ணித்தார். குரோஸியர் தம் நெருங்கிய நண்பர் சர் ஜேம்ஸ் கிளார்க் ராஸுக்கு எழுதிய கடிதத்தின் தொனி முற்றிலும் வேறு. தாம் தனிமைப்பட்டிருப்பதாகவும், பருவம் தாழ்ந்துவிட்டதால் 1824-இல் முந்தைய ஒரு துருவப் பயணத்தில் நேர்ந்தது போலப் பனியில் சிக்கிக்கொள்வோமோ என்று அஞ்சுவதாகவும் அதில் அவர் மனம் திறக்கிறார். எரெபஸையும் டெரரையும் 1839 முதல் 1843 வரை தென் துருவக் கடலுக்குக் கொண்டுபோய் மீட்டு வந்தவர்கள் ராஸும் குரோஸியரும்தாம். ஊருக்குத் தபால் போகும் வாய்ப்பு இருந்தவரை கப்பலில் சென்றவர்கள் எழுதியது இப்படி. அதற்குப் பிறகு நமக்குக் கிடைப்பது யாருக்கு என்று தெரியாமல் எழுதிய ஒரு படிவம். இந்த வேறுபாட்டை மனத்தில் வைத்துக்கொண்டே வேலையில் இறங்கினேன்.

தாளிலிருந்து தொடங்குகிறேன். இன்றைய மரக்கூழ்த் தாள் இதற்கு ஆகாது. 1840-களின் எழுத்துத் தாள் கந்தைத் துணியிலிருந்து செய்தது. மை ஊறிப் பரவாமல் இருக்க அதன் மேல் ஜெலட்டின் பூசியிருப்பார்கள். கையால் செய்த பருத்தித் தாள் நம் ஊரில் தாராளமாகக் கிடைக்கிறது. ஆனால் ஓவியத்துக்கும் வாழ்த்து அட்டைக்கும் விற்கும் அந்தத் தாள் பெரும்பாலும் பசையேற்றாதது. அதில் ஒரு கோடு இழுத்தால் அது இரண்டு பக்கமும் மயிர்விட்டுப் படரும். ஆகவே மளிகைக் கடையில் விற்கும் சுவையற்ற ஜெலட்டினை வெந்நீரில் கரைத்து, வெதுவெதுப்பாக இருக்கும்போதே தட்டையான பெரிய தட்டில் ஊற்றி, தாளை முக்கி எடுத்துக் கொடியில் காயவிட்டேன். கரைசல் நீர்த்திருக்க வேண்டும். கெட்டியாகப் போட்டால் தாள் காய்ந்ததும் அப்பளமாக வளைகிறது. காய்ந்த தாளை இரண்டு பலகைகளுக்கு நடுவில் ஓர் இரவு பாரம் வைத்து அழுத்தி, பின் வழவழப்பான கூழாங்கல்லால் தேய்த்தால் பேனா தடங்காமல் ஓடும்.

மைதான் இந்த வேலையில் எனக்கு மிகவும் பிடித்த பகுதி. அக்காலத்தில் ஐரோப்பாவில் ஆவணங்களுக்குப் பொதுவாகப் பயன்பட்டது கருவாலி மரத்தின் காய் போன்ற முண்டிலிருந்தும் இரும்பு உப்பிலிருந்தும் செய்யும் மை. ஒரு வகைக் குளவி மரக்கிளையில் முட்டையிட, அதைச் சுற்றி மரம் உருவாக்கும் உருண்டைதான் அந்த முண்டு. இதைத் தேடி வெளிநாட்டுக்கு எழுத வேண்டியதில்லை. நம் நாட்டு மருந்துக் கடைகளில் மாசிக்காய் என்று விற்பது இதுவே. இரும்பு உப்பு அதே கடையில் கிடைக்கும் அன்னபேதி. மூன்றாவது பொருள் கருவேலம் பிசின். மூன்றையும் ஒன்றாகக் கேட்டதும் கடைக்காரர், “மாசிக்காய் குழந்தைக்கு உரசிக் கொடுக்கவா சார்? அப்படின்னா அன்னபேதியை அது பக்கத்திலேயே வைக்காதீங்க” என்று எச்சரித்துவிட்டுத்தான் கட்டிக் கொடுத்தார்.

மாசிக்காயைப் பொறுக்கி வாங்க வேண்டும். குண்டூசி நுழையும் அளவுக்குத் துளை இருந்தால் உள்ளிருந்த பூச்சி வெளியேறிவிட்டது என்று பொருள்; அப்படிப்பட்ட காய் இலேசாகவும் வெளிறியும் இருக்கும், துவர்ப்பும் குறைவு. துளையில்லாத, கனமான, கரும்பச்சை சாயலுள்ள காய்களே நல்லவை. அவற்றில் 60 கிராம் எடுத்து இரும்பு உலக்கையைத் தவிர்த்துக் கல் உரலில் இடித்து, அரை லிட்டர் மழைநீரில் ஊறவிட்டேன். இரும்பு பட்டால் அங்கேயே கறுத்துவிடும். சில நாட்கள் ஊறியதும் இளந்தீயில் சுண்டக் காய்ச்சி, மெல்லிய வேட்டித் துணியில் இருமுறை வடிகட்டினேன். டிகாக்ஷன் நிறத்தில் ஒரு நீர் கிடைத்தது. அதில் 30 கிராம் அன்னபேதியைச் சிறிது சிறிதாகப் போட்டுக் கலக்கினேன். அன்னபேதி வாங்கும்போது இளம்பச்சைப் படிகமாக இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். துருநிறத் தூளாக உதிர்ந்திருந்தால் அது ஏற்கெனவே காற்றோடு வினைபுரிந்து வீணானது. கடைசியாக 15 கிராம் பிசினைத் தனியே வெந்நீரில் கரைத்து ஊற்றினேன். மை பேனாமுள்ளில் தங்கி நிதானமாக இறங்குவதற்கும், தாளின் மேலேயே நிற்பதற்கும் பிசின் வேண்டும்.

இந்த மையால் எழுதும்போது நடப்பதைக் கிட்டத்தில் இருந்து பார்க்க வேண்டும். முள் இழுத்த கோடு முதலில் கழுவின தண்ணீர் போல வெளிறிய சாம்பல் நிறத்தில் இருக்கிறது. வரியின் முடிவுக்குப் போய்த் திரும்புவதற்குள் வரியின் தொடக்கம் ஊதா கலந்த கறுப்பாகிவிடுகிறது. மறுநாள் காலையில் அது சுரண்டினாலும் போகாத கறுப்பு. மாசிக்காயின் துவர்ப்பு அமிலம் இரும்போடு சேரும்போது நிறம் அதிகமில்லாத, நீரில் கரையும் பொருளே உண்டாகிறது. அது தாளின் இழைகளுக்குள் இறங்கியபின் காற்றிலுள்ள ஆக்சிஜன் பட்டு, கரையாத கரும்பொருளாக மாறுகிறது. அதனால்தான் ஈரம் பட்டாலும் எழுத்து எளிதில் கரைவதில்லை. இரும்பு அளவுக்கு மிஞ்சினால் இதே மை ஆண்டுகள் செல்லச் செல்லத் தாளை அரித்துத் தின்றுவிடும் என்பது வேறு கதை.

எழுத உருக்குப் பேனாமுள்ளைப் பயன்படுத்தினேன். 1840-களில் பர்மிங்ஹாம் பட்டறைகள் இவற்றை மலிவாக உற்பத்தி செய்துகொண்டிருந்தன. புது முள்ளில் எண்ணெய்ப் பூச்சு இருக்கும். சோப்பு நீரில் தேய்த்துக் கழுவாவிட்டால் மை முள்ளில் ஒட்டாமல் சொட்டாக விழும்.

இனிப் படிவம். கடற்படைத் தலைமையகமான அட்மிரால்டி, கடல் நீரோட்டங்களை அறிவதற்காகத் தன் கப்பல்களுக்கு இத்தகைய படிவங்களைக் கட்டுக் கட்டாகக் கொடுத்தது. கப்பலின் பெயர், தேதி, இருக்கும் இடம் ஆகியவற்றை நிரப்பி, புட்டியிலோ குழாயிலோ அடைத்துக் கடலில் எறிய வேண்டும். மேற்பகுதியில் நிரப்புவதற்கான வெற்றிடம். அதன்கீழ் ஒரே வேண்டுகோள் ஆங்கிலம், பிரெஞ்சு, ஸ்பானியம், டச்சு, டேனிஷ், ஜெர்மன் ஆகிய ஆறு மொழிகளில் அச்சாகியிருக்கும். இந்தத் தாளைக் கண்டெடுப்பவர், எங்கே எப்போது கண்டெடுத்தார் என்ற குறிப்போடு, லண்டனில் உள்ள அட்மிரால்டிச் செயலருக்கு அனுப்ப வேண்டும் அல்லது அருகிலுள்ள துறைமுகத்தின் பிரிட்டிஷ் தூதரிடம் ஒப்படைக்க வேண்டும் என்பதே அந்த வேண்டுகோள். என் நகலில் இந்த அச்சுப் பகுதியைக் கணினியில் தட்டச்சு செய்து, பசையேற்றிய தாளிலேயே அச்சிட்டேன். இந்தத் தட்டச்சு வேலை சலிப்பூட்டியது என்றாலும், ஆறு மொழியிலும் ஒரே வாசகத்தைத் திரும்பத் திரும்பப் பார்த்ததால் ‘எங்கே, எப்போது கண்டெடுக்கப்பட்டது’ என்ற சொற்கள் மனத்தில் பதிந்துவிட்டன. அது பின்னால் உதவியது.

முதல் பதிவு சிறியது. தேதி 1847 மே 28. கப்பல்கள் வட அட்சரேகை 70°5′, மேற்குத் தீர்க்கரேகை 98°23′ என்ற இடத்தில் பனியில் குளிர்காலத்தைக் கழித்தன; அதற்கு முன் வெலிங்டன் கால்வாயில் 77° வரை ஏறி, கார்ன்வாலிஸ் தீவின் மேற்குப் பக்கமாகத் திரும்பி, 1846–47 குளிர்காலத்தைப் பீச்சி தீவில் கழித்தன; சர் ஜான் ஃபிராங்க்ளின் தலைமை வகிக்கிறார்; எல்லோரும் நலம்; இரண்டு அதிகாரிகளும் ஆறு மாலுமிகளும் மே 24 திங்கட்கிழமை கப்பலை விட்டுக் கிளம்பினார்கள். கீழே லெப்டினன்ட் கிரஹாம் கோர், துணை அதிகாரி சார்லஸ் டெ வோ ஆகியோரின் கையொப்பம். மற்ற எழுத்து முழுவதும் ஃபிட்ஸ்ஜேம்ஸுடையது. 1847 மே 24 திங்கட்கிழமைதானா என்று நாட்காட்டிக் கணக்கில் சரிபார்த்தேன், திங்கட்கிழமையே.

ஆனால் பீச்சி தீவின் ஆண்டு தவறு. 1846–47-இல் அவர்கள் பனிக்கடலில் இருந்தார்கள் என்று அதே படிவம்தான் சொல்கிறது. பீச்சி தீவில் கழித்தது 1845–46 குளிர்காலம். அங்குள்ள மூன்று கல்லறைகளில் டோரிங்டன், ஹார்ட்னெல் ஆகிய இருவர் இறந்தது 1846 ஜனவரி. பிரெய்ன் இறந்தது அதே ஆண்டு ஏப்ரல். இந்தத் தவறை வைத்துப் பலர் பெரிய கோட்டை கட்டியிருக்கிறார்கள். 1980-களில் ஓவன் பீட்டியின் குழு அக்கல்லறைகளைத் திறந்து உடல்களில் ஈயம் மிகுந்திருப்பதைக் கண்ட பிறகு, ஈயம் அதிகாரிகளின் மூளையைக் கலக்கியதற்கு இந்த ஆண்டுப் பிழையே சான்று என்னும் பேச்சும் எழுந்தது. நான் இதை ஏற்பதில்லை. தீவின் கரையில் இன்னும் தெற்கே, கோர் முனை என்ற இடத்தில் ஹாப்சன் இதே போன்ற, ஆனால் 1847 பதிவு மட்டுமே உள்ள இன்னொரு படிவத்தையும் கண்டெடுத்தார். அதுவும் ஃபிட்ஸ்ஜேம்ஸின் கையெழுத்து. அதிலும் அதே பிழை. நானும் ஒரே அமர்வில் இரண்டு படிவங்களை அடுத்தடுத்து நிரப்பினேன். இரண்டாவதை நிரப்பும்போது கண் தானாகவே முதல் தாளுக்குத்தான் போகிறது. யாரும் நினைவிலிருந்து இரண்டாம் முறை எழுதுவதில்லை. ஒருமுறை தவறிய எண், எத்தனை படி எடுத்தாலும் அத்தனையிலும் இருக்கும். இது எந்த அலுவலகத்திலும் நடப்பது. நலமாக இருந்த ஆளும் செய்யக்கூடியது.

பிற்சேர்க்கைக்கு வருகிறேன். இதுதான் கையை ஒடித்த பகுதி. 1848 ஏப்ரல் 25 என்ற தேதியின் முற்பகுதி அசலில் கெட்டுவிட்டதால், படியெடுப்பவர்கள் அதை அடைப்புக்குறிக்குள் நிரப்பிக்கொள்வார்கள். வாசகத்தின் சாரம் இது: டெரர், எரெபஸ் கப்பல்கள் 1846 செப்டம்பர் 12 முதல் பனியில் அகப்பட்டுக் கிடந்து, இவ்விடத்துக்கு வட-வடமேற்கே 5 லீக் தொலைவில் ஏப்ரல் 22 அன்று கைவிடப்பட்டன, குரோஸியர் தலைமையில் 105 பேர் 69°37′42″, 98°41′ என்ற இந்த இடத்தில் கரையேறினார்கள், இந்தத் தாளை லெப்டினன்ட் இர்விங் 4 மைல் வடக்கே, 1831-இல் சர் ஜேம்ஸ் ராஸ் கட்டியதாகக் கருதப்படும் கற்குவியலின் அடியில் கண்டெடுத்தார், அதை அங்கே 1847 ஜூனில் வைத்தவர் மறைந்த கமாண்டர் கோர், ஆனால் ராஸின் தூண் கிடைக்கவில்லை, ஆகவே தூண் இருந்த இடமான இங்கே தாள் மாற்றி வைக்கப்படுகிறது, சர் ஜான் ஃபிராங்க்ளின் 1847 ஜூன் 11 அன்று இறந்தார், இதுவரை இறந்தவர்கள் 9 அதிகாரிகளும் 15 மாலுமிகளும்.

ஆங்கில மூலத்தில் இது ஏறத்தாழ 150 சொல். விளிம்பில் எழுதுகிறபோது மீதமிருக்கும் இடத்தைக் கண் ஓயாமல் அளந்துகொண்டே இருக்கிறது. ஒவ்வொரு சொல்லும் செலவு. அப்படி எழுதிக்கொண்டிருக்கும்போதுதான் கற்குவியலையும் தூணையும் பற்றிய வாக்கியங்கள் முடியவே மாட்டேன் என்கின்றனவே என்று எரிச்சல் வந்தது. எழுதி முடித்து எண்ணினேன். கிட்டத்தட்ட 70 சொல். கையொப்பங்களை நீக்கிப் பார்த்தால் ஏறத்தாழ பாதிப் பிற்சேர்க்கை, தாள் எங்கே கிடைத்தது, யார் வைத்தது, எங்கே மாற்றப்பட்டது என்பதற்கே போய்விட்டது. 24 பேரின் சாவுக்கு ஒரே வாக்கியம். தலைவரின் மரணத்துக்குக் காரணம் சொல்லப்படவில்லை. கப்பல்களை ஏன் விட்டார்கள் என்பதும், எத்தனை நாளுக்கு உணவு இருக்கிறது என்பதும் இல்லை.

இந்த விசித்திரத்தைப் பலர் குழப்பத்தின் அறிகுறியாக வாசிக்கிறார்கள். அச்சிட்ட வேண்டுகோளை ஆறு மொழிகளில் தட்டச்சு செய்த எனக்கு அது அப்படித் தோன்றவில்லை. கண்டெடுப்பவர் இடத்தையும் காலத்தையும் குறிக்க வேண்டும் என்று படிவம் கேட்கிறது. 1848 ஏப்ரலில் இந்தத் தாளைக் கண்டெடுத்தவர்கள் அவர்களே. படிவம் கேட்டதற்குப் படிவம் கேட்ட முறையில் விடை எழுதியிருக்கிறார்கள். முந்நூறு ஆண்டுக் கடற்படை ஒழுங்கில் ஊறிய ஒரு நிர்வாகம், கப்பலை இழந்த மூன்றாம் நாளிலும் தன் கோப்பைச் சரியாக முடிக்கிறது. அந்த வாக்கியங்களுக்குள் ஒரு பிழையும் இருக்கிறது: ராஸ் இந்தக் கரைக்கு வந்து விக்டரி முனைக்குப் பெயரிட்டது 1830-இல், 1831-இல் அவர் பூதியா தீபகற்பத்தில் வட காந்தத் துருவத்தைக் கண்டறிந்தார். இரண்டும் கலந்துவிட்டன. கடைசிக் கடிதத்தில் குரோஸியர் மனம் திறந்த அதே ராஸின் பெயர் இந்தத் தாளில் திரும்பத் திரும்ப வருவது தற்செயல். ஆனால் அந்த ராஸ், நண்பரைத் தேடி 1848 மே மாதம், அதாவது இது எழுதப்பட்ட சில வாரங்களில், எண்டர்பிரைஸ், இன்வெஸ்டிகேட்டர் என்னும் கப்பல்களோடு இங்கிலாந்திலிருந்து புறப்பட்டார் என்பதை அறிந்தவர்களுக்கு அந்தப் பெயரை மை தொட்டு எழுதும்போது கை சற்றே நிற்கும்.

சொல் செலவைப் பற்றிப் பேசும்போது, மிகச் சிக்கனமாகச் சொல்லப்பட்ட இரண்டு செய்திகளையும் குறிக்க வேண்டும். 1847-இல் லெப்டினன்ட் என்று கையொப்பமிட்ட கோர், 1848-இல் ‘மறைந்த கமாண்டர் கோர்’ ஆகிறார். பதவி உயர்ந்ததும் உயிர் போனதும் சேர்ந்தே நமக்குத் தெரியவருகின்றன. 1847-இல் ‘எரெபஸ், டெரர்’ என்றிருந்த வரிசை 1848-இல் ‘டெரர், எரெபஸ்’ என்று மாறுகிறது. மூத்த அதிகாரி இருக்கும் கப்பல் முதலில் வந்துவிடுகிறது. எண்ணிக்கையும் கச்சிதம். புறப்பட்டவர்கள் 134, கிரீன்லாந்திலிருந்து ஊருக்குத் திருப்பி அனுப்பப்பட்டவர்கள் 5, எஞ்சிய 129-இல் 24 போக 105. அதிகாரிகள் மொத்தம் 24 பேர் என்பதால் இறந்த 9 பேர் நூற்றுக்கு 37-க்கு மேல். மாலுமிகளில் இந்த விகிதம் நூற்றுக்கு 14 அளவே. இதற்கு என்ன காரணம் என்று இன்றும் வாதிடுகிறார்கள்.

குளிரையும் சோதிக்க விரும்பினேன். அந்தத் தீவில் ஏப்ரலிலும் வெப்பநிலை சுழியத்துக்குக் கீழே 20 டிகிரியை ஒட்டி இருப்பது வழக்கம். வீட்டு உறைகலன் 18 டிகிரிக்கு இறங்கும். மை புட்டி அதில் கல்லாக உறைந்தது. உள்ளங்கையில் வைத்து உருக்கினால் பொறுமை போய்விடும். வெந்நீரில் நிறுத்தினால் உருகும், ஆனால் அடியில் வண்டல் படிந்திருக்கும், குலுக்காமல் தொட்டால் எழுத்து வெளிறும். தாளையும் உறைய வைத்து எழுதிப் பார்ப்பது நம் கடற்கரை ஊர்களில் நடக்காத காரியம். வெளியே எடுத்த உடனே காற்றின் ஈரம் தாளில் பனித்து, மை குளத்தில் விழுந்ததுபோல் ஆகிறது; அங்கே காற்று வறண்டது, ஒப்பிட முடியாது. ஆகவே கையை மட்டும் பனிக்கட்டி நீரில் மரத்துப்போகும்வரை வைத்து எழுதினேன். என் எழுத்து இரண்டு பங்கு பெரிதாகி, விளிம்பு பாதியிலேயே தீர்ந்தது. ஃபிட்ஸ்ஜேம்ஸின் பிற்சேர்க்கையோ நெருக்கமாக, படிக்கத் தக்கதாக, இடத்தைக் கணித்து எழுதப்பட்டது. கூடாரத்துக்குள் அடுப்பின் அருகில், கை சூடேறிய பிறகு, நிதானமாக அமர்ந்து எழுதினார் என்பதே என் ஊகம்.

இடங்களையும் கணக்கிட்டேன். ஒரு லீக் 3 கடல் மைல். 5 லீக் 15 கடல் மைல். காந்தத் துருவத்தின் அருகே திசைகாட்டியை நம்ப முடியாது என்பதால், வட-வடமேற்கு என்று அவர்கள் குறித்தது சூரியனைக் கொண்டு அறிந்த உண்மைத் திசை என்றே கொண்டேன். அது வடக்கிலிருந்து மேற்காக 22.5 பாகை. அப்படியானால் கப்பல்கள் கரையேறிய இடத்துக்கு 13.9 கடல் மைல் வடக்கிலும் 5.7 கடல் மைல் மேற்கிலும் இருந்திருக்கும். அதாவது ஏறத்தாழ 69°52′, 98°58′. இதை 1847 மே மாத நிலையோடு ஒப்பிட்டால், பதினோரு மாதத்தில் பனி அவர்களை இழுத்துச் சென்றது 18 கடல் மைல், சுமார் 33 கிலோமீட்டர். ஒரு கோடைக்காலம் முழுதும் உட்பட. தப்பிக்கத் திறந்த நீர் வரவேயில்லை என்பதைச் சொல்ல இதைவிட வேறு வாக்கியம் தேவையில்லை, அவர்களும் எழுதவில்லை. ஏப்ரல் 22 எந்தக் கிழமை என்றும் பார்த்தேன். சனிக்கிழமை, மறுநாள் ஈஸ்டர் ஞாயிறு. மூன்று நாளில் 28 கிலோமீட்டர் நடந்து 25-ஆம் தேதி கரையில் இருக்கிறார்கள்.

கடைசியாகத் தாளின் ஓரத்தில், ஃபிட்ஸ்ஜேம்ஸின் கையொப்பத்துக்குப் பின், குரோஸியர் தம் கையொப்பத்தை இட்டு, தம் கையாலேயே ஒரு வரி சேர்த்திருக்கிறார்: நாளை 26-ஆம் தேதி பேக்கின் மீன் ஆற்றை நோக்கிக் கிளம்புகிறோம். இதை எழுத எனக்கு இன்னொரு கையெழுத்து வேண்டியிருந்ததால் நண்பர் ஒருவரை எழுதச் சொன்னேன். எங்கே போகிறோம் என்று எழுதுவதற்குப் படிவத்தில் இடமும் இல்லை, வேண்டுகோளும் இல்லை. கேட்டதற்கெல்லாம் விடை எழுதி முடித்து நீட்டப்பட்ட தாளில், தேடி வருபவர்களுக்கு உண்மையில் தேவைப்பட்ட ஒரே தகவலைத் தலைவர் நெருக்கிச் சேர்த்திருக்கிறார். ஆற்றின் முகம் அங்கிருந்து நேர்கோட்டில் ஏறத்தாழ 300 கிலோமீட்டர். கரையோரமாக நடந்தால் இன்னும் கூடுதல். முதல் மூன்று நாளின் வேகத்தில் ஒரு மாதத்துக்கு மேலாகும். அந்த ஆற்றில் 1834-இல் படகில் இறங்கிய ஜார்ஜ் பேக் அருவிகளும் பாய்ச்சல்களுமாக 83 எண்ணியவர்; அவர்கள் ஏற வேண்டியது அதன் எதிர்த்திசையில். ஃபிட்ஸ்ஜேம்ஸ் அவ்வளவு தூரம் போகவில்லை. தீவின் மேற்குக் கரையிலுள்ள எரெபஸ் விரிகுடாவில் கிடைத்த கீழ்த்தாடை எலும்பு அவருடையது என்று 2024-இல் மரபணு ஒப்பீட்டால் உறுதியானது.

அசல் தாள் இருந்தது போன்ற ஒரு தகரக் குழாயையும் தகரப் பட்டறையில் செய்வித்தேன். வெள்ளீயம் பூசிய தகரத்தை உருட்டி, ஈயப்பற்று வைத்து மூடித் தந்தார்கள். நன்றாக எழுதிய தாளை உள்ளே வைக்க மனம் வராததால், பயிற்சிக்கு எழுதிய தாள் ஒன்றைச் சுருட்டி வைத்து, மொட்டைமாடியில் செங்கற்களுக்கு நடுவே ஒரு மழைக்காலம் விட்டேன். பற்று விட்டிருந்த ஒரு நுண்ணிய இடைவெளி வழியே நீர் இறங்கி, தாளின் வெளிச்சுற்று முழுவதும் துரு படிந்து, ஒரு மூலை தொட்டதும் உதிர்ந்தது. உட்சுற்றில் எழுத்துகள் கறுப்பு மாறாமல் இருந்தன. விளிம்பில் எழுதுவதால் வரும் ஆபத்து இதில் தெரிகிறது: படிவத்தின் நடுவில் இருக்கும் அச்சு வாசகம் பத்திரமாக இருக்க, ஓரத்தில் நெருக்கி எழுதிய செய்திதான் முதலில் போகிறது. அசலில் 1848-ஆம் ஆண்டுத் தேதி கெட்டதற்கும் இப்படி ஒன்றே காரணமாயிருக்கலாம்.

செய்து பார்க்க விரும்புபவர்களுக்கு இரண்டு குறிப்புகள். இந்த மையை ஊற்றுப் பேனாவில் நிரப்பாதீர்கள்; வண்டல் அடைத்துக்கொள்ளும், அமிலம் உள்ளுறுப்புகளை அரிக்கும். தொட்டெழுதும் முள்ளையும் எழுதி முடித்த உடனே கழுவித் துடைக்காவிட்டால் மறுநாள் நுனி துருப்பிடித்திருக்கும். மீந்த மையில் இரண்டு கிராம்பு போட்டு இறுக மூடி வைத்திருக்கிறேன், பூஞ்சணம் பிடிக்கவில்லை. கோர் முனைப் படிவத்துக்கும், அதன்பின் வேல்ஃபிஷ் தீவுக் கடிதத்துக்கும் அது போதும்.